கொஞ்சம் மந்தம்

அப்பாவின் சேர்ட்டில் டீசல் மணக்கும். டீசல் மட்டும் என்றால் பரவாயில்லை. அவர் ஓட்டும் பயணிகள் படகான லோஞ்சின் அடியில் தேங்கிக் கிடக்கும் கறுத்த தண்ணீர், அதில் ஊறிய பாசி, மூதூரிலிருந்து வரும் தயிர்ச் சட்டிகளின் புளிப்பு, சந்தைக்கு ஏற்றி வரும் ஆடுகளின் மூத்திரம், எல்லாம் சேர்ந்த ஒரு மணம் அது. அம்மா அந்தச் சேர்ட்டை மற்ற உடுப்புகளோடு சேர்க்கவே மாட்டார். கிணற்றடியில் தனி வாளியில் ஊறப்போட்டு, "இதைத் தோய்ச்ச கையால சோறு குழைச்சுத் தின்னேலாது" என்று பேசிப் பேசித் தோய்ப்பார். எனக்குப் பத்துப் பதினொரு வயதான காலத்தில் அந்தத் தனி வாளிக்கு மெல்ல மெல்ல வேலையில்லாமல் போனது. ஒருநாள் அம்மா சேர்ட்டை மோந்து பார்த்தார். இன்னொருமுறையும் மோந்து பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் எங்கள் பள்ளிக்கூட வெள்ளை உடுப்புகளோடு அதையும் சேர்த்து ஊறப்போட்டார். "மந்தம்" என்ற சொல்லின் பொருளை நான் முதலில் அறிந்துகொண்டது அப்படி மூக்கால்தான்.

எங்கள் திருகோணமலையில் அந்தச் சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. புடவைக்கடைக்காரர், மீன் வியாபாரி, சலூன் வைத்திருப்பவர் என்று யாரைக் கண்டு "எப்பிடிப் போகுது?" என்று கேட்டாலும், தொழில் படுத்துவிட்ட வருடங்களில் அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்து, கேட்டவரின் முகத்தைப் பாராமல், "கொஞ்சம் மந்தம்தான்" என்பார். கேட்டவர் உடனே "எல்லா இடமும் அப்பிடித்தான்" என்று சொல்லிவிட வேண்டும். அத்தோடு அந்தக் கதை முடிந்தது. ஏன், எதனால், எப்போதிருந்து என்று அதற்கு மேல் ஒருவரும் கேட்பதில்லை. கேட்பது பெரிய மரியாதைக் குறைவு. "கொஞ்சம்" என்பதும் கட்டாயம் சேர வேண்டும். கடைக்குள் ஈ கூட வராவிட்டாலும் கொஞ்சம் மந்தம்தான். நட்டம் என்பது அபசகுனம், முடிந்துவிட்டது என்பதை வாயாலே எடுக்கக்கூடாது. இறங்குதுறைக்கு அப்பால் கண்டல் மரங்களுக்குள் பலகையெல்லாம் இற்று, நண்டுகள் குடியிருந்த ஒரு பழைய வள்ளம் கிடந்தது. அது யாருடையது என்று கேட்டால், இன்னாருடையது, "இப்ப கொஞ்சம் மந்தம்" என்றுதான் பதில் வரும். நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும், அடுத்த நிமிடம் பத்திக்கொண்டு வரும்.

இந்த ஒழுங்கு பிடிபடாத ஒரே ஆள் எங்கள் வீட்டில் என் தம்பி சுதன். அவனுக்கு அப்போது ஐந்தரை, ஆறு வயது இருக்கும். எதற்கும் ஏன் என்று கேட்பான், பதில் வந்தால் அதற்கும் ஏன் என்று கேட்பான். தீபாவளிக்கு உடுப்பு எடுக்கப் போனபோது, புடவைக்கடை முதலாளி அம்மாவிடம் "கொஞ்சம் மந்தம் பிள்ளை" என்றார். அம்மா முறைப்படி "எல்லா இடமும் அப்பிடித்தான்" என்று முடித்த பிறகு, இவன் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு எட்டி, "ஏன் மந்தம்?" என்று கேட்டுவிட்டான். முதலாளியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அம்மா இவனுடைய தொடையில் கிள்ளிய கிள்ளு வீடு வந்தும் சிவந்திருந்தது. "ஆக்கள் அப்பிடிச் சொன்னா மேல கேக்கப்படாது, விளங்கிச்சோ?" என்றார். விளங்கியதாய் அவன் தலையாட்டினான். விளங்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. அதற்கு நான் எந்தத் தெய்வத்துக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

அப்பா லோஞ்சின் தண்டையல். அதாவது சுக்கான் பிடிப்பவர். எஞ்சினைப் பார்த்துக்கொண்டவர் மூதூர் ஜுனைதீன் நானா. லோஞ்ச் இருவருக்கும் பாதிப் பாதி. திருகோணமலை இறங்குதுறையிலிருந்து கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூருக்குப் போவதும் வருவதும்தான் அவர்களுடைய சீவியம். மற்ற லோஞ்சுகளும் ஓடின. எந்த லோஞ்ச் எந்த நேரத்துக்கு எடுப்பது என்று ஒரு "முறை" இருந்தது. உன்னுடைய நேரம் வந்தால், ஆள் இருக்கிறதோ இல்லையோ, ஊதல் அடித்து எடுத்துவிட வேண்டும். ஒருநாள் எடுக்காமல் விட்டால் மறுநாள் முறை பக்கத்துக்காரனுக்கு. தரைவழியில் ஆற்று வாய்களைப் பாதை என்கிற மிதவைகளில் ஏறி இறங்கிக் கடக்கவே அரைநாள் போய்விடும் என்பதால், ரீச்சர்மார், கோட்டுக்கு வழக்குக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள், தயிர்க்காரர், ஆட்டு வியாபாரிகள் எல்லோரும் லோஞ்சில்தான் ஏறினார்கள். அப்பா நடந்து போனால் இறங்குதுறையில் தேத்தண்ணிக் கடைக்காரர் எழும்பி நின்று கதைப்பார். அந்த மரியாதையில் அப்பாவுக்கு ஒரு மிதப்பு இருந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

பிறகு பாலங்கள் வந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். ஊர் முழுக்கச் சந்தோசம், எங்களுக்கும் சந்தோசம். புதுப் பஸ்ஸில் நாங்கள் குடும்பமாகப் போய் வந்தோம். "என்ன காத்து! கண் மூடித் திறக்க மூதூர் வந்திட்டுது" என்று அம்மா யன்னலோடு ஒட்டிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். அப்பா மறுபக்கத்து யன்னலால் கடல் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கியதும் நடத்துநரிடம், "ஒரு நாளைக்கு எத்தினை பஸ் விடுறாங்கள்?" என்று மட்டும் கேட்டார்.

முதலில் ரீச்சர்மார் போனார்கள். பிறகு வழக்குக்காரர். பிறகு தயிர்ச் சட்டிகள் லொறி ஏறின. கடைசியில் ஆடுகளும் போயின. மற்ற லோஞ்ச்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக எஞ்சினைக் கழற்றிக்கொண்டு மீன்பிடிப் பக்கம் திரும்பினார்கள். அப்பா மட்டும் அசையவில்லை. "கொஞ்சம் மந்தம். வாடை முடிய எழும்பும்" என்றார். வாடைக்காற்று முடிந்தது. "கச்சான் தொடங்க எழும்பும்" என்றார். கச்சான் வெக்கைக் காற்றும் வந்து வீட்டுக்கூரை ஓடெல்லாம் சூடேறிக் கிடந்தது. அந்தச் சொல்லில் உள்ள விசம் எனக்கு இப்போதுதான் தெரிகிறது: மந்தம் என்று சொன்ன உடனே, பின்னால் நல்ல காலம் ஒன்று வரிசையில் நிற்பதாக மனம் நம்பிவிடுகிறது. நம்பியவன் காத்திருப்பான். அப்பா காத்திருந்தார். வெறும் லோஞ்சை நேரத்துக்கு ஊதல் அடித்து எடுத்து, மூதூரில் கட்டி, திரும்ப வெறுமையாய்க் கொண்டுவந்தார். இரண்டு பேர் ஏறினால் அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது விசிலடித்துக்கொண்டு வருவார்.

எங்கள் ஒழுங்கையில், அந்த ஒடுங்கிய தெருவில், நான் ஒன்றைக் கவனித்து வைத்திருந்தேன். எந்த வீட்டில் இந்தச் சொல் ஒரு வருடத்துக்கு மேல் புழங்குகிறதோ, அந்த வீட்டிலிருந்து ஒருவர் காணாமல் போவார். முன்வீட்டு அண்ணா கட்டாருக்குப் போனார். மூலை வீட்டு மலர் அக்கா கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். ஆகவே அப்பா "மந்தம்" என்று சொல்லும்போதெல்லாம் அடுத்தது யார் என்று அம்மாவின் முகத்தைப் பார்ப்பேன். விடுமுறைக்கு வந்த மலர் அக்காவும் அம்மாவும் அடுப்படிக் குசினிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கதைத்த அன்று, நான் சாப்பிடவில்லை. ஏன் சாப்பிடவில்லை என்று யாரும் கேட்கவுமில்லை.

அம்மா ஒளித்து மறைத்து எதையும் செய்யவில்லை. எங்கள் இருவருக்கும் முன்னாலேயே அப்பாவிடம் சொன்னார்.

"இஞ்சேருங்கோ, நிலாவெளி ஹொட்டேலில வெள்ளையளைப் புறாத் தீவுக்கு ஏத்திப் போற போட்டுக்கு ஆள் தேடுறாங்களாம். லோஞ்சை மேல ஏத்திப்போட்டு அதுக்குப் போங்கோ. இல்லாட்டி நான் குவைத்துக்குப் போறன். ரெண்டில ஒண்டு நீங்களே சொல்லுங்கோ."

"தொப்பியும் போட்டு, செம்மஞ்சள் சட்டையும் போட்டு, அந்தப் பிளாஸ்ரிக் போட்டில நிக்கச் சொல்லுறீரோ என்னை?" என்றார் அப்பா. "லோஞ்சை ஏத்தினா முடிஞ்சுது எண்டு அர்த்தம். இது மந்தம், எழும்பும்."

மேலே ஏற்றுவது என்றால் கரைக்கு இழுத்துவிடுவது. மர லோஞ்ச் தண்ணீரில் கிடக்கும் வரைதான் லோஞ்ச். கரையில் வெயில் பட்டால் பலகை காய்ந்து இடைவெளி விட்டுவிடும், பிறகு இறக்க ஏலாது. அதனால் தண்ணீரில் கிடக்கிற எந்த லோஞ்சையும் மந்தம் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். கரையேறிய லோஞ்சை யாரும் அப்படிச் சொல்வதில்லை. இது அம்மாவுக்கும் தெரியும். அதனால்தான் அவர் அதைக் கேட்டார்.

ஹொட்டேல்காரர் வேறு ஆள் பிடிக்கும் முன் அப்பா மனம் மாற வேண்டும். குவைத்துக்கான அம்மாவின் மெடிக்கல் பரிசோதனை முடிந்துவிட்டது, விசா வர வேண்டியதுதான் பாக்கி. அந்த இரண்டுக்கும் இடையில் நான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை, மூதூரில் இருந்த பெரியம்மாவைப் பார்க்கப் போவதற்கு அம்மா பஸ்ஸை விட்டுவிட்டு லோஞ்சுக்கு வெளிக்கிட்டார். அப்பாவுக்குக் கொடுத்த கடைசிச் சந்தர்ப்பம் அது என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். இறங்குதுறைக்குப் போனால் எங்களுக்கு ஆச்சரியம். லோஞ்சில் பயணிகள் இருக்கும் வாங்குகளுக்கிடையில் இரண்டு வரிசையாகச் சாமான் அடுக்கி, மேலே நீலப் படங்கு போர்த்திக் கட்டியிருந்தது.

"சாமான் ஏத்துறீங்கள் போல?" என்று அம்மா கேட்டார். குரலில் அப்படி ஒரு மலர்ச்சி.

"ஓம், மூதூருக்கு" என்று அப்பா சுக்கானைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஜுனைதீன் நானா எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

எனக்கு நெஞ்சுக்குள் மணி அடித்தது. எழும்பிவிட்டது, அப்பா சொன்னது சரிதான், அம்மா போகத் தேவையில்லை! சுதனின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் முன்வாங்கில் இருந்தேன். வேறு பயணி ஒருவரும் இல்லை. அது அந்தச் சந்தோசத்தில் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

குடாவின் நடுவுக்கு வந்தபோது வாடை பலத்தது. வெளிக்கடலிலிருந்து வரும் அலை லோஞ்சின் இடப்பக்கத்தில் அடித்து எங்களைத் தூக்கிப் போட்டது. படங்கின் கயிறு ஒன்று அறுந்து, நீலப் படங்கு மேலெழும்பிப் படபடவென்று அடித்தது. கீழே உரச் சாக்குகள். அடுத்த அலைக்கு மேல் வரிசைச் சாக்கு ஒன்று சரிந்து, சுதன் கால் நீட்டியிருந்த இடத்தில் தொப்பென்று விழுந்தது. நான் அவனை இழுத்த இழுப்பில் அவன் என் மடியில் வந்து விழுந்தான். சாக்கு வெடித்து உள்ளிருந்தது கொட்டியது. கடற்கரை மணல்!

"ரெண்டு பேரும் வாங்குக்கு மேல ஏறுங்க, மகள்! காலைக் கீழ விடாதீங்க!" என்று நானா கத்தினார். லோஞ்ச் சரிந்த பக்கத்துக்கே மற்றச் சாக்குகளும் நகரத் தொடங்கின. அப்பா சுக்கானை விட முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். நானாவும் அம்மாவும் முழங்காலில் நின்று, சாக்குகளைக் கட்டிப்பிடித்து நடுவுக்கு இழுத்தார்கள். அம்மாவின் கொண்டை அவிழ்ந்து முகமெல்லாம் உப்புத் தண்ணீர். சுதன் வீரிட்டு அழுதான். நான் அவனை இடுப்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஆள் இல்லாத லோஞ்ச் அலையில் நிற்காது, துள்ளும். அதை அமர்த்துவதற்கு அப்பா மாதக்கணக்காக மணல் ஏற்றிக்கொண்டு போய் வந்திருக்கிறார். மணல் என்று கரையில் யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்குத்தான் படங்கு.

அலை கொஞ்சம் தணிந்ததும் அம்மா ஒரு சாக்கின் மேல் இருந்து, தலைமயிரை முடிந்துகொண்டு கேட்டார்.

"இதுவோ உங்கட மந்தம்?"

மூதூர் இறங்குதுறை வரும் வரைக்கும் எஞ்சின் சத்தம் மட்டும்தான். கரையில் கால் வைத்ததும் அம்மா, "நான் போறன்" என்றார். அதற்குப் பிறகு அவர்கள் அதைப் பற்றிக் கதைத்து நான் கேட்கவில்லை.

அம்மாவைக் கொழும்புக்கு ஏற்றிப் போக வான் வந்த காலை, அப்பா வாசலில் நின்று, பெட்டியை ஏற்றிவிட்டு, கையில் இல்லாத மணிக்கூட்டைப் பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பார்த்தார். "முறை வந்திட்டுது" என்றார். போய்விட்டார்! வான் ஒழுங்கையை விட்டுத் திரும்புகிற நேரம் இறங்குதுறைப் பக்கத்திலிருந்து எங்கள் லோஞ்சின் ஊதல் கேட்டது. நேரத்துக்கு எடுத்துவிட்டார், மனுசன். ஒரு மனிதரில் எனக்கு அவ்வளவு கோபம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. சுதனைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய், அம்மாவின் சீலை ஒன்றை எடுத்து விரித்து, இருவரும் அதில் படுத்துக்கொண்டோம். அன்றைக்கு மூதூரிலிருந்து பெரியம்மா வந்துதான் எங்களை எழுப்பிச் சாப்பாடு தந்தார்.

அம்மா குவைத்திலிருந்து வெள்ளிக்கிழமைகளில் பின்னேரம் போன் எடுப்பார். எங்கள் வீட்டில் யன்னல் விளிம்பில்தான் சிக்னல் இருக்கும். அப்பா போனை அங்கே வைத்து ஸ்பீக்கரில் போட, நாங்கள் மூவரும் யன்னலைச் சுற்றி நிற்போம். "எப்பிடி?" என்பார் அப்பா. "நல்லாயிருக்கிறன். பிள்ளையள் சாப்பிட்டதோ?" என்பார் அம்மா. கொஞ்ச மாதங்கள் அப்படித்தான் போயின. பிறகு சில வெள்ளிக்கிழமைகள் அழைப்பு வரவேயில்லை. வந்தபோது குரல் எங்கோ கிணற்றுக்குள் இருந்து வந்ததுபோல் இருந்தது.

"எப்பிடி?"

"கொஞ்சம் மந்தம்."

"எல்லா இடமும் அப்பிடித்தான்" என்றார் அப்பா.

வாய்ப்பழக்கம்! இறங்குதுறையில் ஆயிரம் தரம் சொன்னது, நாக்கு தானாய்ச் சொல்லிவிட்டது. எனக்கு அது தவறாகவே படவில்லை என்பதுதான் கொடுமை. அம்மா அந்தப் பக்கத்திலிருந்து "ஓம்" என்று சொல்லிவிட்டு, என்னிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டார். அடுத்த முறையும் அதே கேள்வி, அதே பதில். நாங்கள் மரியாதை தெரிந்த மனிதர்கள் அல்லவா, மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் அன்று முதல் அப்பா இராச் சாப்பாட்டைப் பிசைந்து வைத்துக்கொண்டு இருப்பார், சாப்பிட மாட்டார். வெள்ளிக்கிழமை நெருங்க நெருங்க எனக்கு யன்னல் பக்கம் போகவே பயமாயிருந்தது.

அதற்கடுத்த முறை அம்மா அழைத்தபோது ஜுனைதீன் நானாவும் வீட்டில் இருந்தார். அப்பா வழக்கம்போல "எப்பிடி?" என்றார். அம்மா வழக்கம்போல, ஆனால் இன்னும் மெதுவாக, "கொஞ்சம் மந்தம்" என்றார். அப்பா வாயைத் திறப்பதற்குள், யன்னல் விளிம்பில் நாடியை வைத்துக்கொண்டு நின்ற சுதன் கேட்டான்.

"அம்மா, மந்தம் எண்டா என்ன?"

நான் அவனைக் கிள்ளக் கையைக்கூட நீட்டிவிட்டேன். போனில் ஒரு சத்தமும் இல்லை. இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு அம்மா அழத் தொடங்கினார். வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற சத்தம் அது, தான் வேலை செய்யும் வீட்டில் யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்கிற அழுகை.

"எங்க நோகுது?" என்றார் அப்பா. யன்னல் கம்பிக்குள்ளால் முகம் போய்விடும்போல் குனிந்திருந்தார். "இஞ்சேரும், எங்க நோகுது? என்ன செய்தவங்கள்? எல்லாத்தையும் சொல்லும். நான் கேட்டுக்கொண்டு நிக்கிறன், சொல்லும்."

அம்மா சொன்னார். படி கழுவும்போது வழுக்கி விழுந்து, இடுப்புக்குப் பின்னால் நாரியில் அடி. நிமிர முடியவில்லை. டொக்டரிடம் கூட்டிப் போகவில்லை. நிமிராமலே வேலை செய்யச் சொல்கிறார்கள். போனையும் பறித்து வைத்துவிட்டு எப்போதாவதுதான் கொடுக்கிறார்கள். இவ்வளவும் "கொஞ்சம் மந்தம்" என்ற அந்த இரண்டு சொல்லுக்குள் இருந்திருக்கிறது, மணலுக்கு மேல் போர்த்திய படங்குபோல.

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்ல?" என்று அப்பா கேட்டார்.

"நீங்கள் கேக்கேல்லயே" என்றார் அம்மா.

அழைப்பு முடிந்த பிறகு அப்பா கொஞ்ச நேரம் யன்னலிலேயே நின்றார். வெளியே வெயில் இன்னும் இருந்தது. அன்றைய கடைசி முறைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நானா அப்பாவின் தோளில் கையை வைத்தார். அப்பா திரும்பி, "நானா, ஏத்துவம்" என்றார்.

அந்தப் பின்னேரமே ஏற்றினார்கள். இறங்குதுறையில் நின்றவர்கள் எல்லாம், மீன்காரர், தேத்தண்ணிக் கடைக்காரர், பழைய லோஞ்ச்காரர், ஒருவரும் ஒன்றும் கேட்காமல் வந்து கயிறு பிடித்தார்கள். மணல் சாக்குகளை முதலில் அப்பாவே தூக்கிக் கடலுக்குள் போட்டார். பிறகு உருளைக் கட்டைகள் வைத்து, "ஏலேலோ" சொல்லி இழுக்க, லோஞ்ச் தண்ணீர் சொட்டச் சொட்ட மணலில் ஏறியது. அதன் அடிப்பாகத்தை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன், சிப்பி பிடித்துக் கிடந்தது. அப்பா அதைத் தொட்டும் பார்க்கவில்லை. நேரே அம்மாவை அனுப்பிய ஏஜென்சிக்காரர் வீட்டுக்கு நடந்தார். அன்று தொடங்கி, அம்மாவை வெளியில் எடுக்க அவர் ஏறி இறங்காத கந்தோர் இல்லை, வாய்விட்டுக் கேட்காத ஆள் இல்லை. மந்தம் என்று சொல்லித் தலை சாய்த்த மனிதர் ஒவ்வொரு மேசைக்கு முன்னாலும் நின்று, "என்ர மனுசிக்கு நாரி உடைஞ்சு கிடக்கு, அவளை அனுப்பச் சொல்லுங்கோ" என்று உரத்துச் சொன்னார். அருகில் நின்ற எனக்கு வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

அடுத்தமுறை அம்மா எடுத்தபோது, "லோஞ்சை ஏத்திப்போட்டன்" என்றார் அப்பா.

அம்மா கேட்டார். "அப்ப இனி என்ன செய்யப் போறீங்கள்?"

"நிலாவெளிக்குப் போறன். தொப்பியும் தந்திட்டாங்கள்."

அம்மா சிரித்தார். நாரி நோகிறது, சிரிக்க வைக்க வேண்டாம் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கச்சான் காற்றுத் தொடங்கிய நாட்களில் அவர் வந்து இறங்கினார், ஒரு பக்கம் சாய்ந்த நடையோடு. அப்பாவின் சேர்ட்டைப் பிடித்து மோந்து பார்த்து, "பெற்றோல்" என்றார். அப்பா அம்மாவின் கைப்பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

இப்போது அந்த இறங்குதுறையில் மூதூர் லோஞ்சுக்கு நிற்கிறவர் எவரும் இல்லை. முறையும் இல்லை, ஊதலும் இல்லை. எங்கள் லோஞ்சின் பலகைகளை யார் யாரோ விறகுக்கும் வேலிக்கும் கொண்டுபோய்விட்டார்கள். எஞ்சின் கிடந்த இடத்தில் இரும்புத் துருவின் கறை மட்டும் கொஞ்சக் காலம் இருந்தது. ஜுனைதீன் நானா மௌத்தாகிவிட்டார். நான் நகரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். பெற்றோலுக்கும் டீசலுக்கும் நாடே வரிசையில் நின்ற காலம் தொடங்கி அந்தச் சொல் மறுபடி எல்லோர் வாயிலும் வந்து குந்திக்கொண்டது. கடைக்கு வருகிற யாராவது "கொஞ்சம் மந்தம் பிள்ளை" என்றால், "என்ன மந்தம்? எங்க? எப்ப தொடக்கம்?" என்று கேட்டுவிடுவேன். இவளுக்கு நாகரிகம் தெரியாது என்று சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். போகட்டும். சிலர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்து சொல்லத் தொடங்குவார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பாலையூற்றில் இருக்கும் அப்பா அம்மாவிடம் போயிருந்தேன். அப்பா முன்னறையில் இருந்தார். ஹொட்டேலுக்கு ஆட்கள் வருவது குறைந்துவிட்டதாகக் கேள்விப்பட்டிருந்தேன். "எப்பிடியப்பா போட் ஓட்டம்?" என்று கேட்டேன். அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்தார். என் கண் தானாகக் குசினிப் பக்கம் அம்மாவைத் தேடியது. இந்த வயதிலும்.

"கொஞ்சம்…" என்று தொடங்கினார்.

குசினிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "என்ன, கொஞ்சம்?"

அப்பா குசினி வாசலைப் பார்த்தார். தலையை நேராக்கினார்.

"இந்த மாசம் ஒருத்தரும் வரேல்ல" என்றார். "நாளைக்கு வரவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டாங்கள். எனக்குப் பயமாக் கிடக்கு."

அம்மா நாரியில் கையை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தார். அப்பாவுக்குப் பக்கத்தில் மெல்லக் குனிந்து, நோவில் முகத்தைச் சுளித்துக்கொண்டு, கதிரையில் இருந்தார்.

"சரி, சொல்லுங்கோ" என்றார். "முதல்ல இருந்து சொல்லுங்கோ."